கப்பலில் வந்த கறவைப் பசு

புரூக்ளினில், படகுத்துறைக்குப் பக்கத்தில், பீட்டர் டன் என்றொரு பால்காரர் இருந்தார். 1843-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலின் கேப்டனிடமிருந்து ஒரு கறவைப் பசுவை விலைக்கு வாங்கினார். நீண்ட கடற்பயணத்தில் பாலுக்காக மாட்டையும் ஏற்றிக்கொள்வது அந்தக் காலத்துக் கப்பல்களில் சகஜம். டன் பசுவை ஓட்டிவந்து தன் மாடுகளோடு தொழுவத்தில் கட்டினார். கொஞ்ச நாளில் அது தீனியைத் தொடாமல் நின்றது. மூச்சு வாங்கியது. செத்தது. ஒரு மாடு நட்டம் என்பதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் அது. ஆனால் பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற மாடுகளும் இருமத் தொடங்கின.

அது மாட்டின் நுரையீரலைத் தாக்கும் தொற்றுநோய். ஐரோப்பாவின் மாட்டுக்காரர்கள் அதனிடம் நிறையவே இழந்திருந்தார்கள். அமெரிக்கா அதுவரை கண்டதில்லை. செத்த மாட்டை அறுத்துப் பார்த்தால், காற்று நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டிய நுரையீரல் கல்லீரலைப் போலக் கெட்டிப்பட்டிருக்கும். வெட்டிய இடத்தில் வெள்ளை வரிகள் ஓடும். விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். மார்புக்கூட்டில் மஞ்சள் நீர் தேங்கி நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, பிழைத்துக்கொண்ட மாட்டில் இருந்தது. வெளிப்பார்வைக்குத் தேறி, பால் கறந்து, சந்தையில் நல்ல விலைக்கும் போகும் அந்த மாட்டின் நுரையீரலில் நோய் ஒரு மூலையில் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். வாங்கியவர் தொழுவத்தில்தான் மறுபடி வெளியே வரும். இதைக் கண்டுசொல்ல ஆள் வேண்டுமே என்ற எண்ணம்கூட அன்றைக்கு அமெரிக்காவில் எவருக்கும் எழவில்லை.

நோய்க்குப் பொருத்தமான வீடும் அமைந்தது. புரூக்ளினிலும் நியூயார்க்கிலும் சாராய ஆலைகளை ஒட்டி நீளமான மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. தானியத்தை வடித்தபின் மிஞ்சும் சூடான கழிவு நேரே தொட்டிக்கு ஓடிவரும். வெளிச்சமும் காற்றும் இல்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான மாடுகள் அதைக் குடித்தபடி தோளோடு தோள் உரச நின்றன. ஒன்று செத்தால் அந்த இடத்தில் உடனே இன்னொன்றைக் கட்டினார்கள். பெல்ஜியத்தில் 1852-ல் லூயி வில்லெம்ஸ் என்ற மருத்துவர் சொன்ன ஒரு முறையும் இங்கே வந்து சேர்ந்திருந்தது. செத்த மாட்டின் நுரையீரல் நீரை, நல்ல மாட்டின் வால்நுனியைக் கீறி உள்ளே ஏற்றுவது; நோய் லேசாக வந்து தடுப்பாகிவிடும் என்பது கணக்கு. கவனமாகச் செய்தால் பலன் இருந்தது. கொட்டகைகளில் கவனத்துக்கு ஏது இடம்? வால் அழுகி அறுந்து விழுந்த மாடுகள் வரிசையாக நின்றன. 1858-ல் ஃப்ராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகை இந்தக் காட்சிகளை வரைந்து வெளியிட்டது. எழுந்து நிற்க முடியாத பசுவைப் பட்டைகட்டித் தூக்கி நிறுத்திப் பால் கறக்கும் படம் நகரத்தையே உலுக்கியது. இனிமேலாவது கொட்டகைகள் மூடப்படும் என்று தாய்மார்கள் நம்பினார்கள். விசாரிக்க ஒரு குழு வந்தது.

குழுவில் இருந்தவர்கள் நகரசபை உறுப்பினர்கள். மாட்டு நோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு இருக்கவில்லை. கொட்டகை முதலாளிகளின் நட்பு இருந்தது. கொஞ்சம் காற்றோட்டம் ஏற்படுத்தினால் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கொட்டகைகள் நீடித்தன, நோயும் நீடித்தது. என்னைக் கேட்டால், அமெரிக்க மாடுகளுக்கு நேர்ந்த கேடு கப்பலில் வந்ததைவிட அந்த அறிக்கையில் அதிகம் வந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு கப்பல் பாஸ்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

அதில் வந்தவை ஹாலந்திலிருந்து விந்த்ராப் செனரி என்பவர் தருவித்த உயர்சாதிக் கறவை மாடுகள். அமெரிக்காவுக்கு டச்சு மாடுகளைக் கொண்டுவந்து ஹோல்ஸ்டீன் இனத்துக்குக் கால்கோள் இட்டவர் அவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. வந்தவற்றில் இரண்டு நடக்க முடியாமல் வண்டியில் பண்ணைக்குப் போயின. சில வாரங்களில் செனரி விற்ற கன்றுகளோடு நோய் வேறொரு ஊருக்குப் போய், அங்கிருந்து மாசசூசெட்ஸின் பல ஊர்களுக்குப் பரவியது. மாநில அரசு ஆணையர்களை நியமித்தது, நூற்றுக்கணக்கான மாடுகளைக் கொன்றது, உரியவர்களுக்குப் பணம் கொடுத்தது. சில ஆண்டுப் போராட்டத்தில் அந்த மாநிலம் விடுபட்டது. ஆக, ஒழிக்க முடிகிற நோய்தான் இது என்பது நிரூபணமாயிற்று. ஆனால் ஒரு மாநிலம் ஒழித்தாலும் பக்கத்து மாநிலத்தின் மாடு எல்லை தாண்டி வரத்தானே செய்யும்? நாடு முழுமைக்குமாக இதைக் கவனிக்க ஒருவரும் இல்லை. அந்த ஒருவர் உருவாகும் கதை அட்லாண்டிக்கின் மறுகரையில் தொடங்கியது.

எடின்பரோவில் ஜான் காம்ஜி என்ற கால்நடை மருத்துவர் சொந்தமாக ஒரு கல்லூரி நடத்திவந்தார். எல்லை தாண்டி வரும் மாடுகளோடு கொள்ளைநோயும் வரப்போகிறது என்று 1863 முதலே எச்சரித்துக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. 1865-ல் பால்டிக் கரையிலிருந்து ஒரு கப்பல் மாடுகளை ஹல் துறைமுகத்தில் இறக்கியது. சில வாரங்களில் லண்டன் பால்பண்ணைகளில் வெக்கை நோய் என்ற அந்தக் கொள்ளைநோய் வெடித்தது. நோய் கண்ட மந்தையைக் கொன்று புதைப்பதுதான் வழி என்றார் காம்ஜி. அரசு தயங்கியது, அந்தச் சட்டம் வருவதற்குள் அடுத்த ஆண்டு பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்திருந்தன. காம்ஜியின் கல்லூரி லண்டனுக்கு இடம் மாறி, 1868-ல் மூடப்பட்டது. அவர் வாழ்க்கை தோல்வி என்றே சொல்லலாம், அவரோடு அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய ஜேம்ஸ் லா மட்டும் இல்லையென்றால்.

அதே 1868-ல் நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பேராசிரியர்களைத் தேடி அதன் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். வழியனுப்ப வந்த நிறுவனர் எஸ்ரா கார்னெல், குதிரை வைத்தியரை மட்டும் மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பியதாக அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் சொல்வார்கள். ஒயிட் மறக்கவில்லை. ஜேம்ஸ் லாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைய அமெரிக்காவில் குதிரைக்கு லாடம் அடிப்பவரும், மூலிகை விற்பவரும், துணிச்சல் உள்ள எவரும் ‘குதிரை வைத்தியர்’ பலகை மாட்டிக்கொள்ள முடிந்தது. லாவோ இளங்கலைப் பட்டத்துக்கே நான்கு ஆண்டு, முனைவர் நிலைப் பட்டத்துக்கு மேலும் இரண்டு ஆண்டு என்று கறாராக வைத்தார். தாக்குப்பிடித்த மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முதல் ஆண்டே வந்து சேர்ந்த 18 வயதுப் பையன் ஒருவன் தாக்குப்பிடித்தான்.

டேனியல் எல்மர் சால்மன். நியூஜெர்சிக்காரர். பாரிஸ் அருகே ஆல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் போய்ப் படித்துவிட்டு 1872-ல் பட்டம் வாங்கினார். 1876-ல் கால்நடை மருத்துவ முனைவர் பட்டம். அமெரிக்க மண்ணில் அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் அவர்தான். நெவார்க்கில் தொழில் தொடங்கினார். உடம்பு ஒத்துழைக்காததால் வட கரோலினாவின் மலையூரான ஆஷ்வில்லுக்குப் போய்விட்டார். அங்கேயே அமைதியாக வாழ்ந்து முடித்திருப்பார். 1879-ல் லிவர்பூல் துறைமுகத்தில் நடந்த சம்பவம் அவரை இறக்கிக் கொண்டுவந்தது.

அமெரிக்க மாடுகளை உயிரோடு கப்பலேற்றி இங்கிலாந்தில் விற்பது அப்போது கொழுத்த வியாபாரம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ‘ஒன்டாரியோ’ என்ற கப்பலில் வந்த மாடுகளின் நுரையீரலைப் பார்த்த பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள், அதே பழைய தொற்றுநோய் என்றார்கள். மார்ச் மாதம் முதல் அமெரிக்க மாடு எதுவும் துறைமுகத்தைத் தாண்டக் கூடாது, இறங்கிய பத்து நாளுக்குள் அங்கேயே வெட்டிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உள்நாட்டுக்கு ஓட்டிப்போய்க் கொழுக்கவைத்து விற்க வழியில்லை, விலை சரிந்தது. கனடாவின் மாடுகளுக்கோ தடை இல்லை. இது நெடும்பயணத்தில் வந்த சாதாரணச் சளிக்காய்ச்சல், மேற்கு மாநிலங்களில் அந்த நோயே கிடையாது என்று அமெரிக்க வியாபாரிகள் வாதாடினார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பரிசோதித்து, அரசின் பெயரால் எழுதிக்கொடுக்கும் அதிகாரி ஒருவர்கூட வாஷிங்டனில் இல்லை. சொல் இருந்தது, சொல்வதற்குத் தகுதி உள்ள வாய் இல்லை.

நியூயார்க் மாநிலம் அவசரமாக ஒழிப்பு வேலையில் இறங்கியது. தலைமைக்கு வந்தவர் உள்நாட்டுப் போரில் பெயர் வாங்கிய ஜெனரல் மார்சினா பேட்ரிக். மருத்துவ ஆலோசனைக்கு ஜேம்ஸ் லா. லாவின் மாணவர் சால்மனும் வேலைக்கு வந்தார். ஜெனரலுக்குக் கட்டுப்பாடு தெரிந்திருந்தது, லாவுக்கு நோய் தெரிந்திருந்தது. சாராய ஆலைக் கொட்டகைகள் பூட்டப்பட்டன, நோய் கண்ட மாடுகள் வெட்டப்பட்டன. நோய் பின்வாங்கத் தொடங்கிய நேரம் பார்த்து மாநிலத்தின் பண ஒதுக்கீடு வற்றியது. வேலை பாதியில் நின்றது, நோய் திரும்பி வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இதைச் செய்து தீராது என்பது சால்மன் மனதில் அப்போதுதான் உறுதிப்பட்டிருக்க வேண்டும். 1883-ல் வேளாண் ஆணையர் ஜார்ஜ் லோரிங் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து, ஒரு சிறிய கால்நடை மருத்துவப் பிரிவைத் தொடங்கச் சொன்னார். ஊருக்கு வெளியே ஏழு ஏக்கரில் ஒரு பரிசோதனைப் பண்ணை. அதிகாரம் என்று எதுவும் கிடையாது.

அதிகாரம் கொடுக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து கிளம்பியது. டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் ஒரு பக்கம்: அவர்களுடைய நீளக்கொம்பு மாடுகள் போன வழியெல்லாம் வடக்கத்திய மாடுகள் டெக்சாஸ் காய்ச்சல் கண்டு செத்ததால், கூட்டாட்சி அரசுக்கு அதிகாரம் வந்தால் முதல் பூட்டு தங்களுக்குத்தான் என்று பயந்தார்கள். சிகாகோ தரகு வியாபாரிகள் மறுபக்கம்: நோயே இல்லை என்று சாதித்தார்கள், நோய் என்ற பேச்சே விலையை உடைத்துவிடுகிறது என்பது அவர்கள் கோபம். மாநில உரிமை பேசியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மசோதா இழுபறியில் கிடக்க, கான்சாஸிலிருந்து ஒரு செய்தி வந்தது.

நியோஷோ ஃபால்ஸ் என்ற ஊரைச் சுற்றிய பண்ணைகளில் மாடுகளின் குளம்புகள் கழன்று விழுந்துகொண்டிருந்தன. 1884-ன் தொடக்கம், கடும் குளிர்காலம். ராணுவக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, கோமாரி என்றார். மேற்கே பரந்து கிடந்த புல்வெளிகளின் லட்சோபலட்சம் மாடுகளுக்குள் கோமாரி புகுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க யாரும் தேவைப்படவில்லை. வியாபாரம் உறைந்தது. ஆளுநர் கிளிக் மாநில சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். மந்தைகளைச் சுட்டுத் தள்ள வேண்டியதுதானா என்ற பேச்சு வந்தபோது, வாஷிங்டனிலிருந்து சால்மன் வந்து இறங்கினார்.

அவர் பார்த்த முறையில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. கோமாரி என்றால் வாயிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் வர வேண்டும். நோய் ஒரு தொழுவத்திலிருந்து அடுத்த தொழுவத்துக்குத் தாவ வேண்டும். இங்கே காலின் கீழ்ப்பகுதி ஜில்லிட்டு, உயிரற்று, உலர்ந்து கிடந்தது. செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே காலைச் சுற்றி ஒரு கோடு, கயிறு கட்டிய தடம் மாதிரி தெளிவாக ஓடியது. சால்மன் மாட்டை விட்டுவிட்டுத் தீவனத்தைப் பார்க்கப் போனார். வைக்கோல் போரிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்தார். காட்டுப் புல்லின் கதிர்களில், மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்து நீண்ட கொம்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

எர்காட் என்ற பூஞ்சை அது. உடம்புக்குள் போனால் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். குளிரில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த கால்நுனிகளுக்கு ஓட்டம் அறவே நின்று, குளம்பு செத்துக் கழன்றுவிடும். தொற்றுநோயே இல்லை, தீவனத்தை மாற்றினால் போதும். ஒரு நோயை உண்டு என்று சொல்ல எவராலும் முடியும். பீதியில் இருக்கும் மாநிலத்துக்கு நடுவே நின்று, இது அதுவல்ல என்று சொல்ல, சொன்ன பிறகு ஊரும் சந்தையும் நம்ப, படிப்பு வேண்டும். மருத்துவரைத் தலைமையில் வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பீதி அடங்குவதற்குள் அது வாஷிங்டனில் தன் வேலையைச் செய்திருந்தது.

1884 மே 29 அன்று குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்டார். கால்நடைத் தொழில் பணியகம் பிறந்தது. சட்டத்தைப் படித்தால் ஒவ்வொரு பிரிவிலும் பேரம் நடந்த தழும்பு தெரியும். எந்த நேரத்திலும் ஊழியர் 20 பேரைத் தாண்டக் கூடாது. ஒதுக்கீடு 1,50,000 டாலர். ரயிலில் வெட்டுக்குப் போகும் மாடுகள் வழியில் தீவனம் தண்ணீருக்காக இறங்கும்போது, டெக்சாஸ் காய்ச்சல் தொற்றுநோயாகவே கருதப்படாது. டெக்சாஸின் மனம் குளிர்ந்தது. மாடு வளர்ப்பவர்களோ வியாபாரிகளோ இரண்டு பேர் நாளுக்கு 10 டாலர் படியில் முகவர்களாக இருப்பார்கள். வியாபாரிகளும் ஆறுதல் அடைந்தார்கள். இத்தனை விட்டுக்கொடுத்தலுக்கும் முன்னால், முதல் பிரிவிலேயே, பேரத்துக்கு அகப்படாமல் ஒரு வரி நின்றது: பணியகத்தின் தலைவர் தகுதிவாய்ந்த கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும்.

இன்றைக்கு அரசு வேலை அறிவிப்புகளில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் பத்தோடு பதினொன்றாக வந்துபோகும் வரி அது. அன்றைக்கு, குதிரை வைத்தியர் என்றாலே சிரிப்பு மூட்டிய ஒரு நாட்டில், கூட்டாட்சி அரசின் ஒரு துறைத் தலைமையை ஒரு படிப்புக்கென்று சட்டமே எழுதிவைத்தது. ஆண்டுக்கு 3,000 டாலர் சம்பளத்தில் அந்த நாற்காலியில் சால்மன் அமர்ந்தார். அமர்ந்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது.

கிழக்கிலிருந்து விலைகொடுத்து வாங்கிய ஜெர்சி மாடுகளோடு நுரையீரல் நோய் ஓஹியோ, இல்லினாய், கென்டகி, மிசௌரி என்று மேற்கே போயிருந்தது. கைமாறிய மாடுகளின் வழியைப் பின்தொடர்ந்து நோய் வந்த தடத்தைப் பிடித்தார்கள் சால்மனின் ஆட்கள். பிடித்து என்ன பயன்? மாட்டை வாங்கிக் கொல்லும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. 1886 இலையுதிர்காலத்தில் நோய் சிகாகோவிலேயே தலைகாட்டியது, அதுவும் சாராய ஆலைக் கொட்டகைகளில். நோயே இல்லை என்று சாதித்த ஊரின் நடுவில் மாடுகள் இருமின. 1887-ல் நாடாளுமன்றம் 5,00,000 டாலரும் மாடுகளை விலைகொடுத்து வாங்கிக் கொல்லும் அதிகாரமும் தந்தது. ஐந்தே ஆண்டுகள். 1892 செப்டம்பர் 26 அன்று, நாட்டில் அந்த நோய் இல்லை என்று வேளாண் செயலர் ஜெரமையா ரஸ்க் அறிவித்தார். மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் டாலர். டன்னின் பசு கரை இறங்கி 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரிட்டன் மட்டும் தன் உத்தரவைத் தளர்த்தவில்லை. 1896-ல் அதை எல்லா நாட்டு மாடுகளுக்கும் நிரந்தரமாக்கியது. எந்த வியாபாரத்தை மீட்பதற்காகப் பணியகம் பிறந்ததோ அது மீளவில்லை. ஆனால் அதற்குள் பணியகம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. சால்மன் வேலைக்கு எடுத்த இளைஞர் தியோபால்ட் ஸ்மித்தும், கில்போர்ன், கர்டிஸ் என்ற கால்நடை மருத்துவர்களும் டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி என்பதை 1893-ல் நிறுவினார்கள். கடிக்கும் சிற்றுயிர் ஒன்று நோயைக் கடத்தும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த தொடக்ககால உறுதியான சான்றுகளில் ஒன்று அது. பன்றிகளிடம் ஸ்மித் கண்டெடுத்த ஒரு கிருமியின் குடும்பத்துக்குப் பின்னாளில் தலைவரின் பெயரையே வைத்தார்கள். சரியாக வேகாத முட்டையையும் இறைச்சியையும் பற்றிய எச்சரிக்கைகளில் வரும் சால்மொனெல்லா அதுதான்.

பணியகத்துக்குப் படித்த ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள். 1908-ல் எந்தக் கல்லூரி, என்ன பாடம், எத்தனை ஆண்டு என்று பணியகமே நிபந்தனை போட்டது. ஒப்பேற்றிவந்த தனியார் கல்லூரிகள் திணறின. சால்மன் அதைப் பதவியிலிருந்து பார்க்கவில்லை. துறைக்குச் சீட்டுகள் அச்சடித்துக் கொடுத்த நிறுவனத்தில் அவருக்கு இருந்த பழைய தொடர்பு சர்ச்சையாகி, 1905-ல் விலக நேர்ந்தது. உருகுவே போய் மாண்டெவிடியோவில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியை உருவாக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். 1914-ல் மொன்டானாவில் நிமோனியாவில் இறந்தார். அவர் இடத்துக்கு மெல்வின் வந்தார், அவருக்குப்பின் மோஹ்லர். இருவரும் கால்நடை மருத்துவர்களே.

1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்டு மாடுகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இளைப்பாற இறங்கின. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கி பெல்ஜியத்துக்குள் பரவியது. மிரண்டுபோன 28 நாடுகள் 1924 ஜனவரியில் பாரிஸில் கூடி ஒப்பந்தம் போட்டன. இன்றைய உலகக் கால்நடை நல அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அதை முதலில் நடத்தியவர் எம்மானுவேல் லெக்லான்ஷ், பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். ஒரு நாட்டில் நோய் உண்டா இல்லையா என்பதை மற்ற நாடுகள் நம்ப வேண்டுமானால் அதைச் சொல்பவருக்குத் துறைப் படிப்பும் சுதந்திரமும் வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதிகளுக்குள் குடிபுகுந்தது.

வாஷிங்டனின் பணியகம் 1953-ல் கலைக்கப்பட்டது. அதன் வேலைகள் கைமாறி, 1972-ல் ஏபிஸ் என்ற முகமைக்கு வந்தன. பயிர்நோயும் அதன் பொறுப்பு என்பதால், அதன் நிர்வாகியாகக் கால்நடை மருத்துவர்களும் வந்தார்கள், சட்டம் படித்தவர்களும் வந்தார்கள். தலைமைக் கால்நடை அதிகாரி அந்த நிர்வாகிக்கு ஒரு படி கீழே அமர்ந்தார். கான்சாஸில் சால்மன் செய்ததைச் செய்வது அவர் பொறுப்பு: நோய் இல்லை என்று சொல்ல வேண்டிய நாளில், மற்ற நாடுகளுக்கு அதை எழுதிக் கையெழுத்திடுவது.